மலைப் படத்தை நிறுத்தாதே!

அத்தியாயம் 4

ஏழு மாதமாகக் காணாமல் போயிருந்தவர் நேற்று மட்டும் நாற்பது புள்ளி எடுத்திருந்தார்.

அதைக் காட்டத்தான் ஸ்டோர் அண்ணன் வந்திருந்தார். கல்லூரியில் ஸ்டோர் கீப்பர், காணாமல் போனவரின் கூட்டாளி. மாதம் தவறாமல் வந்து காட்டிவிட்டுப் போவாராம். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக ஒரு பெயிண்ட் பிரஷ் நீட்டிக்கொண்டிருந்தது. எங்களிடம் கேஸ் கொடுத்திருந்த அக்கா, காணாமல் போனவரின் மனைவி. அவளுடைய தையல் மேசையில் போனை வைக்கும் முன் பிரஷ்ஷை உருவி, நூல் துணுக்குகளையும் தூசியையும் ஓரமாகத் தள்ளினார். சுத்தம் பண்ணாத இடத்தில் ஒரு பொருளை வைக்க அவருக்குக் கை வரவில்லை.

"பாரும்மா. நேத்து நாப்பது. முந்தா நாள் முப்பத்தெட்டு. தம்பி எங்கயோ நல்லபடியா இருக்கான். கோவம் தணிஞ்சா தானா வருவான்."

யார் வீட்டுக் கல்யாணப் போட்டோவையோ பார்ப்பதுபோல அக்கா அதைப் பார்த்தாள்.

"நாப்பதா?"

"நாப்பதும்மா."

"சரிண்ணா."

"நல்ல ஃபார்ம்ல இருக்காரே மனுஷன்," என்று விசில் ஆரம்பித்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

விசில் என் உதவியாளர். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், வாயை மட்டும் கொடுக்கவில்லை.

ஸ்டோர் அண்ணன் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். "துப்பறியறவங்களா? எதுக்கும்மா இந்த வீண் அலைச்சல்? போலீஸே முடிச்சு வெச்ச விஷயம்." தையல் மிஷினின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து இரண்டு சொட்டு விட்டார். "சத்தம் வருது பாரு. அடுத்த தடவை வரும்போது முழுசாப் பிரிச்சுத் தர்றேன்."

நல்ல மனுஷர் என்றுதான் எனக்கும் தோன்றியது.

அவர் போனதும் அக்கா மறுபடி தைக்க உட்கார்ந்தாள். மிஷினுக்குப் பக்கத்தில் வெட்டி வைத்த சட்டைத் துணி ஒன்று கிடந்தது. முன்பாகம், முதுகு, இரண்டு கை, காலர். நீலத்தில் மெல்லிய கோடு. புருஷன் காணாமல் போவதற்கு முந்தின நாள் வெட்டியதாம்.

"தைச்சு முடிச்சிடலாமேக்கா," என்றேன்.

"தைக்கலாம். ஆளு இருந்தா போட்டுக்குவாரு. இல்லைன்னா யாருக்குன்னு தைக்கறது?" ஊசியில் நூலைக் கோத்தாள். "இருக்காருன்னா ஏன் வரலைன்னு நீங்க கேட்டுச் சொல்லுங்க தங்கச்சி. இல்லைன்னா நான் அழணும். ஏழு மாசமா ரெண்டும் பண்ண முடியல. அந்தப் புள்ளி ஏறிக்கிட்டே இருக்கு."

இதைச் சொல்லும்போதும் அவள் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை.

அவள் புருஷன் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் டெக்னீஷியன். படிப்பு பத்தாவதோடு சரி, மெஷினைப் பிரித்து மாட்டியே கற்றுக்கொண்ட வேலை. ஒரு திங்கட்கிழமை அவரையும் காணோம், லேபிலிருந்து ஒன்பது கம்ப்யூட்டர்களையும் காணோம். திருடிக்கொண்டு ஓடிவிட்டான் என்று நிர்வாகம் புகார் கொடுத்தது. போலீஸ் ஆமாம் போட்டது. பட்டம் இல்லாத ஆள் காணாமல் போனால் அவன் ஓடிப்போனவன். பட்டம் வாங்கியவர் காணாமல் போனால் அவருக்கு மன அழுத்தம். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இந்த நியாயத்தைக் கீழே நின்றும் பார்த்திருக்கிறேன், மேலே நின்றும் பார்த்திருக்கிறேன். இரண்டு இடத்திலிருந்தும் ஒரே நாற்றம்தான்.

இனி அந்தப் புள்ளி விஷயம்.

வான்செவி என்று ஒரு ஆராய்ச்சி. பெரிய கிண்ணம் மாதிரி ஒரு கருவியை வைத்து ஆகாயத்திலிருந்து வரும் சத்தத்தை எல்லாம் பிடிக்கிறார்கள். அதில் யாராவது நம்மைக் கூப்பிடுகிறார்களா என்று தேட வேண்டும். அவ்வளவையும் அலசிப் பார்க்க அவர்களிடம் மெஷின் போதாது. அதனால் சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டி, சம்மதிக்கிறவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் தொட்டு வேலை செய்துகொண்டிருந்தால் வான்செவி பேசாமல் இருக்கும். நீங்கள் எழுந்து போனால் அது உட்கார்ந்துகொள்ளும். அப்போது திரையில் கலர் கலராக மலைத்தொடர் மாதிரி ஒரு படம் ஓடும். ஒரு துண்டை முடித்து அனுப்பினால் உங்கள் பெயரில் புள்ளி ஏறும். காசு கிடையாது, புள்ளி மட்டும்தான்.

வீட்டுக் கம்ப்யூட்டரைக் கேட்டார்கள். அக்காவின் புருஷனுக்கு வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? பிரின்சிபாலிடம் அனுமதி வாங்கி லேப் மெஷின்களில் எல்லாம் போட்டுவிட்டார். கணக்குக்கு அவர் வைத்த பெயர் 'கடைசி பெஞ்ச்'. ஆள் போன மறுநாளே கல்லூரி மிச்சமிருந்த மெஷின்களைத் துடைத்து வான்செவியை எடுத்துவிட்டது. ஆனாலும் கடைசி பெஞ்ச்சின் புள்ளி ஏறிக்கொண்டே இருந்தது.

"செத்தவன் புள்ளி வாங்குவானாம்மா?" என்று என்னைக் கேட்டார் இன்ஸ்பெக்டர். "ஆள் இருக்கான். மெஷினும் அவன்கிட்டதான் இருக்கு. போய் வேற வேலையைப் பாரு."

அந்தக் கணக்கு எந்த ஊரிலிருந்து, எந்த மெஷினிலிருந்து ஓடுகிறது என்பது கடவுச்சொல் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். ஊருக்குத் தெரிவது மொத்தப் புள்ளி ஒன்றுதான். தொண்டர்களின் விவரத்தைக் கொடுப்பதில்லை என்று வான்செவிக்காரர்கள் மரியாதையாகப் பதில் எழுதிவிட்டார்கள்.

ஆக, என்னிடம் இருந்த ஒரே துப்பு ஏறிக்கொண்டிருக்கும் ஒரு எண்.

*

என் ஆபீஸ் டயர் கடைக்கு மேலே ஒரு அறை. அதன் சுவரில் ஒரு வாரமாக விசில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி போனில் புள்ளியைப் பார்ப்பார். ஏறியிருந்தால் கோட்டை மேலே இழுப்பார், நின்றிருந்தால் நேராக விடுவார்.

"இது என்ன மேடம், நம்ம செவுத்துலயும் மலை வந்துடுச்சு?"

"பேசாம பாருங்கண்ணே. எங்க நிக்குது?"

"விடியற்காலைல நிக்குது. ஆபீஸ் நேரம் ஆரம்பிச்சதும் ஏற ஆரம்பிக்குது. பகல் பூரா ஏத்தம். ஆபீஸ் விட்டதும் நிக்குது. ராத்திரி படுத்ததும் திரும்ப ஏத்தம். ஞாயித்துக்கிழமை நிக்கவே இல்லை." சாக்பீஸை ஊதினார். "ஊரே உழைக்கும்போது இவரும் உழைக்கறாரு, ஊரே தூங்கும்போதும் இவர்தான் உழைக்கறாரு. இப்படி ஒரு ஊழியரை நான் எங்க டிப்போல பார்த்ததே இல்லை."

"தலைகீழாப் பாருங்க. வான்செவி யாரும் தொடாதப்பதான் ஓடும். அப்ப புள்ளி நிக்கிற நேரம்தான் ஆளுங்க உக்காந்து தொடுற நேரம்."

"ஆளுங்களா? ஒரு ஆளுதானே?"

"என் மெஷின்லயும் போட்டுப் பார்த்தேன். நாள் பூரா மூச்சு முட்டி அஞ்சு புள்ளி. நாப்பது எடுக்க எத்தனை மெஷின் வேணும்?"

விசிலுக்குக் கணக்கு விரல் நுனியில். "எட்டு, ஒன்பது." அப்புறம் முகம் சுருங்கியது. "அடப்பாவமே. லேபுல போனது ஒன்பது."

எனக்கும் அதுதான் உறைத்தது. ஒன்பது மெஷினும் ஒரே இடத்தில் ஒன்றாக நிற்கின்றன, ஒன்றாக ஓடுகின்றன. அப்படியானால் நிர்வாகம் சொன்னது சரி, இன்ஸ்பெக்டர் சொன்னதும் சரி. மனுஷன் திருடிக்கொண்டு போய் எங்கேயோ கடை விரித்திருக்கிறார். அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டியவள் நான். யார் மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. சாக்பீஸை உடைத்தேன்.

"சொல்லுங்கண்ணே. ஆபீசுக்கு முன்னாடி கூட்டம், ஆபீசுக்கு அப்புறம் கூட்டம், நடுவுல ஈ ஓட்டுற இடம். என்ன கடை?"

"டீக்கடைன்னு சொல்லுவேன். ஆனா டீக்கடைல கம்ப்யூட்டரைத் தொட்டா கை ஒட்டிக்கும்." கண்ணை மூடிக்கொண்டார். பஸ்ஸுக்குள் போய்விட்டார் என்று அர்த்தம். "விடியற்காலை முதல் வண்டி. தூக்கம் போகாத பசங்க, ஏறுற இடம் ஆளுக்கு ஒண்ணு. இறங்குறது ஒரே ஸ்டாப். சீட்டுல உக்காந்ததும் மடியில பையை வெச்சு அது மேல விரலால தட்டிக்கிட்டே வருவாங்க, பத்து விரலும் தனித்தனியா. பைத்தியம் புடிச்சிருக்கோன்னு மொதல்ல பயந்தேன்." கண்ணைத் திறந்தார். "டைப்பிங் கிளாஸ் மேடம்! காலேஜுக்கு முன்னாடி ஒரு பேட்ச், வேலை விட்டு வந்து ஒரு பேட்ச்."

"ஊர்ல எத்தனை டைப்பிங் கிளாஸ் இருக்கும்?"

"தெருவுக்கு ஒண்ணு இருக்கும். ஒவ்வொண்ணா ஏறி இறங்கினா என் முட்டி காணாமப் போகும். அதுக்கும் ஒரு கேஸ் போடணும்."

நான் சுவரைப் பார்த்தேன். வியாழக்கிழமை பகலில் ஒரு இடம். ஏற வேண்டிய கோடு படுத்துக் கிடந்தது.

"இங்க நீங்க தூங்கிட்டீங்களா?"

"சத்தியமா இல்ல மேடம். ரெண்டு மணி நேரம் ஒரு புள்ளி நகரல. பகல்ல யாரும் தொடாத நேரம், ஆனாலும் நகரல."

யாரும் தொடவில்லை, மெஷினும் ஓடவில்லை. ஒன்பதும் ஒரே சமயத்தில் நின்று, ஒரே சமயத்தில் கிளம்பியிருக்கின்றன.

"கரண்ட்," என்றோம் இருவரும்.

பராமரிப்புக்காக மின்சார ஆபீசில் ஏரியா வாரியாகத்தான் நிறுத்துவார்கள். விசில் போன் போட்டார். அந்தப் பக்கம் இருந்தவர் தினமும் அவர் பஸ்ஸில் வந்தவராம். பாதி நேரம் குழந்தைகள் நலம் விசாரிப்பிலேயே போனது. கடைசியில் போனை வைத்துவிட்டு, "வியாழக்கிழமை பகல்ல பழைய மார்க்கெட் தெரு, அதைச் சுத்தி நாலு சந்து. வேற எங்கயும் நிறுத்தல," என்றார். "அந்தப் பசங்க இறங்குற ஸ்டாப் எதுன்னு கேளுங்க."

"எது?"

"பழைய மார்க்கெட்."

*

அக்காவை விட்டுவிட்டுத்தான் போக நினைத்தேன். அவள் கேட்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

"டேப்பைக் கழட்டலையாக்கா?"

"இருக்கட்டும். ஏழு மாசமாச்சு. இளைச்சிருந்தா அளவு மாறியிருக்கும்."

அவர் அங்கே இருப்பார் என்று நம்புகிறாளா, பயப்படுகிறாளா என்று முகத்தில் தெரியவில்லை. ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தாள்.

பழைய மார்க்கெட்டில் இருந்தது ஒரே ஒரு டைப்பிங் கிளாஸ்தான், மருந்துக் கடைக்கு மேல் மாடியில். குறுகலான படி. மேலே கதவு திறந்திருந்தது, ஆள் இல்லை. நீளமான அறையில் சுவரோரமாக ஒன்பது கம்ப்யூட்டர்கள். ஒன்பது திரையிலும் மலை. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சத்தமே இல்லாமல் எழுந்து விழுந்துகொண்டிருந்தன. காலி நாற்காலிகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மேல இருக்கறவங்க கூப்பிட்டா இங்க எடுக்கறதுக்கு ஆளே இல்லையே," என்று மெதுவாகச் சொன்னார் விசில். அது வழக்கமான குரலாக இல்லை.

அக்கா திரைகளைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்தாள். அங்கே இருந்த கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கு உறை போட்டிருந்தது. ஒன்றுக்குப் பூப்போட்ட துணி, ஒன்றுக்குக் கட்டம், ஒன்றுக்குச் சட்டைத் துணி. அவள் ஒரு உறையைத் திருப்பி முதுகுப் பக்கத்தை எனக்குக் காட்டினாள். அங்கே சதுரமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்த ஒரு ஓட்டை.

"இது என் தையல்," என்றாள். "வெட்டு மிச்சத்துல தைச்சது. மூடி வெச்சிருந்தாலும் இந்த மெஷின் சும்மா இருக்காது, உள்ள வேலை பார்த்து சூடாகும், முதுகுல ஒரு ஜன்னல் வைன்னாரு. வேற எந்தக் கம்ப்யூட்டர் உறைக்கும் ஜன்னல் இருக்காது."

இனி சந்தேகமில்லை. கல்லூரியில் காணாமல் போன ஒன்பதும் இவைதான். உள் அறைக் கதவுக்குப் பின்னால் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. அக்கா நிமிர்ந்தாள். கை டேப்பின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டது.

கதவு திறந்தது. வந்தது ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், கையில் டிபன் பாக்ஸ் மூடி.

"சேரணுமா? காலை பேட்ச் ஃபுல். சாயங்காலம்னா இடமிருக்கு."

அக்கா அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். உள்ளே வேறு யாரும் இல்லை. டேப்பை விட்டுவிட்டாள்.

எனக்குக் கோபம் முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த மவுஸைப் பிடித்து அசைத்தேன். மலை மறைந்தது.

"ஐயோ, படத்தை நிறுத்தாதீங்க!" டைப்பிங் மேடம் ஓடி வந்தாள். "அதைத் தொட்டா கேரண்டி போயிடும்!"

"எது போயிடும்?"

"கேரண்டிங்க. மெஷினை வித்தவரு முதல் நாளே சொல்லிட்டாரு. கிளாஸ் நேரத்துல மறைஞ்சா பரவாயில்ல, மத்த நேரம் இந்த மலைப் படம் ஓடிக்கிட்டே இருக்கணும். ராத்திரியும் ஞாயித்துக்கிழமையும் மெஷினை அணைக்கக் கூடாது. படம் ஓடினாதான் உள்ள சூடு சமமா இருக்குமாம். எடுத்துட்டா அவரு பொறுப்பில்லையாம்."

"நீங்க நம்பினீங்களா?"

"ஏன் நம்பக் கூடாது? வாரா வாரம் வந்து சர்வீஸ் பண்ணிக் கொடுக்கறாரு. காசே வாங்கறதில்ல."

"இலவச சர்வீஸா?" என்றார் விசில். "மேடம், வேற்றுக்கிரகவாசி கிடைச்சாச்சு. தேடுறதை நிறுத்திடலாம்."

நான் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். ஒரு வாரமாக நான் முட்டாள் மாதிரி ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மெஷினைத் திருடுகிறவன் முதலில் அதில் இருப்பதைத் துடைப்பான். இவன் துடைக்கவில்லை. துடைத்துவிடாதே என்று கேரண்டி வேறு கொடுத்திருக்கிறான். மறந்துபோய் விட்ட படமில்லை இது. வேண்டுமென்றே ஓடவிட்ட படம்.

"புள்ளி ஏறினா ஆளு உயிரோட இருக்காருன்னு அர்த்தம்," என்றேன். யாரிடம் சொல்கிறேன் என்று யோசிக்காமலே சொல்லிவிட்டேன். "உயிரோட இருக்கற ஆளை ஓடிப்போனவன்னு சொல்லிட்டா போதும். அப்புறம் யாரும் பிணத்தைத் தேட மாட்டாங்க."

அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு இதை இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

"வித்தவரு பேரு என்னங்க?" என்று கேட்டாள் அக்கா. தையல் கூலி கேட்கிற அதே குரல்.

"சர்வீஸ்காரர்னுதான் கூப்பிடுவோம். ரொம்ப சுத்தம் பார்ப்பாரு. வந்ததும் சட்டைப் பையிலேர்ந்து ஒரு பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்து, ஒவ்வொரு மெஷினா தூசி தட்டிட்டுத்தான் உக்காருவாரு."

விசிலின் வாய் திறந்தது. முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"இன்னிக்குக் காலையில என் மிஷினுக்கு எண்ணெய் விட்டாரு," என்றாள் அக்கா.

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு எதையாவது தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது.

"போன வாரம் கரண்ட் போச்சே," என்று டைப்பிங் மேடத்திடம் கேட்டேன். "அப்ப அவரு போன் பண்ணினாரா?"

"பண்ணினாரே! கரண்ட் எப்ப வரும், படம் திரும்ப வந்துச்சான்னு மூணு தடவை. எங்க வீட்டுக்காரரே என்னை ஒரு நாள்ல அத்தனை தடவை விசாரிச்சதில்ல."

"அண்ணே," என்றேன் விசிலிடம். "ஸ்டேஷனுக்குப் போங்க. செத்தவன் புள்ளி வாங்குவானான்னு கேட்டாரே இன்ஸ்பெக்டர், வந்து கண்ணால பார்க்கச் சொல்லுங்க. பின்பக்கப் படியில கூட்டிட்டு வாங்க."

அவர் போனதும் மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்டேன். கதவோரம் ஒரு பெட்டியைக் காட்டினாள் டைப்பிங் மேடம். ஒன்பது மலையும் நின்றால் கடைசி பெஞ்ச்சின் புள்ளியும் நிற்கும். அது நிற்பதைப் பார்த்துப் பதறுகிற ஆள் உலகத்திலேயே ஒருத்தர்தான்.

நான் எழுந்தேன். அக்கா என் தோளில் கை வைத்து உட்கார வைத்தாள்.

"நான் பண்றேன்."

பெட்டியைத் திறந்து, சுவிட்சில் கை வைத்து, ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கீழே தள்ளினாள். மலைகள் ஒரே சமயத்தில் போயின. விசிறியும் நின்றது. ஒன்பது மெஷின்களும் இத்தனை நேரம் இரைந்துகொண்டிருந்தன என்பதே அப்போதுதான் தெரிந்தது.

*

இரண்டு ரவுண்டு டீ ஆனது. போன் அடித்தது. டைப்பிங் மேடம் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், கரண்ட் இல்லையா?"

நான் எழுதிக் காட்டியதை அவள் படித்தாள். "கரண்ட் இருக்குதுங்க. படம் மட்டும் வரல. ஒன்பதுலயும் வரல."

அந்தப் பக்கம் ஸ்கூட்டர் சாவி குலுங்கியது. "எதையும் தொடாதீங்க. இதோ வர்றேன்."

அக்கா அந்தக் குரலைத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். துணியின் நிறத்தை வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்ப்பது போல. "அவருதான்," என்றாள்.

கீழே ஸ்கூட்டர் நின்றது. படியில் வேகமான காலடி. ஸ்டோர் அண்ணன் உள்ளே வரும்போதே, "என்ன மேடம், மறுபடியும் யாராவது மெஷினை..." என்று ஆரம்பித்தார்.

முதல் மெஷினுக்கு முன்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணா," என்றாள்.

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே நான் நின்றேன். அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அவர் எடுத்தது பிரஷ்தான். பக்கத்து நாற்காலியின் தூசியைத் தட்டினார். அதில் தூசியே இல்லை. தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"அவரு நின்னுட்டாருண்ணா," என்றாள் அக்கா. "நான்தான் நிறுத்தினேன். இப்பச் சொல்லுங்க, எங்க இருக்காரு?"

"நீ என்னம்மா பேசற..."

"எங்க இருக்காரு?"

அவள் கத்தியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் கத்தவில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் அவர் கரைந்தார்.

"தள்ளத்தான்மா செஞ்சேன். ஸ்டோர் படியில நின்னுக்கிட்டு, ஒன்பதையும் திருப்பிக் கொண்டு வந்து வைங்க, இல்லைன்னா காலையில சொல்லிடுவேன்னான். ஒரே ஒரு தள்ளுதான். தலை... அதுக்கப்புறம் அவன் எழுந்திருக்கல."

"அப்புறம்?"

"அந்த வாரம்தான் புது ஸ்டோருக்குத் தளம் போட்டோம்."

"அதுக்கு அடியிலயா?"

பிரஷ்ஷைப் பார்த்துத் தலையாட்டினார்.

"மாசா மாசம் வந்து போனை நீட்டினீங்களே!" நான்தான் கத்தினேன். "அவங்க மேசையைத் துடைச்சிட்டு நீட்டினீங்களே, நீங்கல்லாம் மனுஷனா?"

"அது நம்பிக்கையோட இருக்கட்டும்னுதான்மா..."

நான் அடித்திருப்பேன். கை ஓங்கியும் விட்டேன். பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு விசிலும் இன்ஸ்பெக்டரும் வந்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார்கள் என்பது இன்ஸ்பெக்டர் என் கண்ணைப் பார்க்காததிலேயே தெரிந்தது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவுக்கு எதிரில் நின்றார். பிறகு ஸ்டோர் அண்ணனின் தோளைத் தொட்டார்.

அவர்கள் இறங்கிப் போன பிறகு விசில் மெயின் சுவிட்சை மேலே தள்ளினார். விசிறி சுற்றியது. மெஷின்களை யாரும் போடவில்லை.

"இனிமே நான் அழலாம்ல?" என்று என்னிடம் கேட்டாள் அக்கா.

"அழுங்கக்கா."

அவள் காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பெட்டிகளின் உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஜன்னல் மேலே வரும்படி மடித்து, மடியில் அடுக்கினாள். டைப்பிங் மேடம் தடுக்கவில்லை. கேரண்டி பற்றியும் பேசவில்லை.

எல்லாம் முடிந்ததும் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். இரண்டு விரலில் இறுக்கமாகச் சுற்றிச் சுருட்டினாள்.

"போலாம் தங்கச்சி," என்றாள். "சட்டையைத் தைச்சு முடிச்சிடறேன். இனிமே அளவு மாறாது."